கீழ் பெர்த் யாருக்கு?

நீண்ட ரயில் பிரயாணம் என்று முடிவானதும் நம் வீடுகளில் முதலில் நடக்கும் ஆலோசனை என்ன? வழிக்குச் சாப்பாடு! முதல் வேளைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, இரண்டாம் வேளைக்குப் புளியோதரை, மூன்றாம் வேளைக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும், குழந்தைகள் கொறிக்க முறுக்கு, பெரியவருக்குக் காரமில்லாமல் தயிர்சாதம். இவ்வளவும் நம் மனசிலே அச்சடித்த மாதிரி வரிசையாக நிற்கும். ஆனால், "இரண்டு ராத்திரி யார் எங்கே படுக்கப் போகிறோம்?" என்று ஒரு நாளாவது உட்கார்ந்து யோசித்திருக்கிறோமா சகோதரிகளே? அதெல்லாம் வீட்டு ஆண்பிள்ளைகள் டிக்கெட் வாங்கும்போது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம். நானும் அப்படி விட்டவள்தான். அதற்கு நான் கொடுத்த விலையைச் சொன்னால் உங்களில் யாருக்காவது பிரயோஜனப்படும் என்றுதான் இன்றைக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் குடும்பத்தோடு காசிக்குப் புறப்பட்டோம். மாமனார், மாமியார், நாத்தனார், அவளுடைய எட்டு மாதக் குழந்தை, இவர், நான், பதினாலு வயசுப் பிள்ளை. கைக்குழந்தையை நீக்கினால் ஆறு பேர். ஒரே டிக்கெட்டில் ஆறு பேருக்குப் பதிவு செய்யலாம் அல்லவா? "எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கணும்" என்று நான்தான் அடம் பிடித்தேன். இவரும் அப்படியே பதிவு செய்துவிட்டு, "பார்த்தியா! 18, 19, 20, 21, 22, 24. எல்லாம் பக்கத்துப் பக்கத்திலே" என்று பெருமையாகக் காட்டினார். நானும் சந்தோஷப்பட்டேன். அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

ரயில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. ஆறு படுக்கைகளில் ஒன்றே ஒன்றுதான் கீழ் பெர்த்! மாமியாருக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. மாமனார் ராத்திரி மூன்று தடவையாவது எழுந்து போக வேண்டியவர். நாத்தனாருக்குப் பால் குடிக்கிற குழந்தை. கீழ் பெர்த் தேவைப்படுகிறவர்கள் மூன்று பேர், இருப்பது ஒன்று.

எதிர்க் கீழ் பெர்த்தில் ஒரு வாலிபர் சாய்ந்துகொண்டிருந்தார். "தம்பி, பெரியவருக்காகக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் தயங்கினார். எனக்குச் சுருக்கென்றது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இரக்கமே கிடையாது" என்று அவர் காதில் விழுகிற மாதிரியே நாத்தனாரிடம் சொன்னேன். அந்தப் பிள்ளை ஒன்றும் பேசாமல் போர்வையைச் சற்று விலக்கினார். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை கட்டு! "ஆபரேஷன் ஆகி இருபது நாள்தான் ஆகுதும்மா. அதுக்காகத்தான் இதைக் கேட்டு வாங்கினேன்" என்றார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

அன்றிரவு மாமியாரும் குழந்தையும் கீழே படுத்தார்கள். அதற்கு மேலே நடு பெர்த்தில் நாத்தனார். குழந்தை அழும்போதெல்லாம் இறங்கி இறங்கி ஏறினாள். எதிர் நடு பெர்த்தில் மாமனார். இரண்டாவது தடவை இறங்கும்போது கால் நழுவி முன்னங்காலைச் சிராய்த்துக்கொண்டார். இவரும் பிள்ளையும் மேல் பெர்த்துகளில். மிச்சமிருந்த 24 எனக்கு. அது நடைவழிப் பக்கத்தில் மேலே உள்ள சைடு அப்பர். கீழே முன்பின் தெரியாத இரண்டு பேர் உட்கார்ந்திருக்க, புடவையைக் கட்டிக்கொண்டு அந்தச் சின்ன ஏணிப்படியில் ஏறி இறங்க எனக்குக் கூச்சமாக இருந்தது. என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன்! தண்ணீர் குடித்தால்தானே எழுந்து போக வேண்டும்? இரண்டு ராத்திரியும் நடுவிலுள்ள பகலும் சேர்த்து ஒரு செம்புத் தண்ணீர்கூட என் வயிற்றில் போகவில்லை.

காசியில் இறங்கும்போதே நீர்க்கடுப்பு. சாயந்திரம் குளிர் ஜுரம். எல்லோரும் கங்கையில் ஸ்நானம் செய்யப் போக, நான் சத்திரத்து அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தேன். பார்க்க வந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "ரயிலில் தண்ணீர் குடித்தீர்களா?" என்பதுதான். வட இந்தியாவிலும் பெண்கள் இதையேதான் செய்கிறார்கள் போலிருக்கிறது! தண்ணீரைக் குறைத்து, வருகிற சிறுநீரையும் அடக்கினால் கிருமிகள் வளர வசதியாகப் போய்விடுகிறது. பிறகு நீர்க்கடுப்பும் ஜுரமும் வராமல் என்ன செய்யும்?

அன்றிரவு மாமியார் என் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவியபடி, "எல்லாரையும் எண்ணினியே, உன்னையும் ஒரு ஆளா எண்ணலையேம்மா" என்றார். அந்த வார்த்தை இன்னும் என் காதில் ஒலிக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் ரயில் பெட்டியின் கணக்கு வழக்கை ஒன்று விடாமல் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் கீழே தருகிறேன்.

எட்டால் வகுத்தால் போதும்

ஸ்லீப்பர் பெட்டியிலும் மூன்றடுக்கு ஏ.சி. பெட்டியிலும் எட்டெட்டுப் படுக்கைகளாகத் தடுத்திருப்பார்கள். ஒவ்வொரு தடுப்பிலும் வரிசை ஒன்றுதான். 1 கீழ், 2 நடு, 3 மேல். எதிரே 4 கீழ், 5 நடு, 6 மேல். நடைவழிக்கு அந்தப் பக்கம் 7 சைடு லோயர், 8 சைடு அப்பர். அடுத்த தடுப்பில் 9 மறுபடி கீழ். ஆகவே உங்கள் எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 1 அல்லது 4 என்றால் கீழ், 2 அல்லது 5 என்றால் நடு, 3 அல்லது 6 என்றால் மேல், 7 என்றால் சைடு லோயர், மீதியே வராவிட்டால் சைடு அப்பர். 33-ஐ வகுத்தால் மீதி 1, கீழ். 45 என்றால் மீதி 5, நடு. இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் அன்றைக்கு 18, 19, 20, 21, 22, 24 என்று பார்த்தவுடனேயே எனக்குப் புரிந்திருக்கும்; பெருமைப்பட்டிருக்க மாட்டேன்.

இரண்டடுக்கு ஏ.சி.யில் நடு பெர்த் கிடையாது. அங்கே ஒரு தடுப்புக்கு ஆறு படுக்கைதான். அதனால் ஆறால் வகுக்க வேண்டும். மீதி 1, 3 கீழ்; 2, 4 மேல்; 5 சைடு லோயர்; மீதி இல்லாவிட்டால் சைடு அப்பர். மிகச் சில பெட்டிகளில் அமைப்பு சற்று மாறலாம். சந்தேகமாக இருந்தால் டிக்கெட்டிலேயே கீழ், நடு, மேல் என்று குறித்திருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய மாதிரி ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கைகள். புது மாதிரிப் பெட்டியில் 80. கழிப்பறைகள் பெட்டியின் இரண்டு கோடியிலும் இருக்கும். ஆகவே முதல் எட்டு, கடைசி எட்டு எண்களில் வருகிறவர்களுக்கு ராத்திரி முழுக்கக் கதவுச் சத்தமும் நடமாட்டமும் இருக்கும், வாடையும் வரலாம். சக்கரங்களும் இரண்டு கோடியிலேயே இருப்பதால் அங்கே ஆட்டமும் சற்று அதிகம். முப்பது, நாற்பது எண்களில் கிடைத்தால் நிம்மதி. ஆனால் கழிப்பறைக்கு அடிக்கடி போகிற பெரியவருக்கு அந்தக் கோடியே சௌகரியம்! ஒருவருக்கு அசௌகரியமாக இருப்பது இன்னொருவருக்கு வரப்பிரசாதம். இன்ன எண்தான் வேண்டும் என்று நாம் கேட்டு வாங்க முடியாது. கீழ், நடு, மேல் என்று விருப்பத்தைத்தான் சொல்லலாம். ஆனாலும் கையில் வந்த எண் எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே தெரிந்தால், யார் எதில் படுப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளலாமே!

எந்தப் படுக்கையில் என்ன உண்டு?

கீழ் பெர்த்: ஏற வேண்டாம், ஜன்னல் உண்டு, மூட்டை முடிச்சு காலடியிலேயே இருக்கும். ஆனால் பகலெல்லாம் அது மூன்று பேருக்கும் பொதுவான இருக்கை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் படுக்கும் நேரம் என்று ரயில்வே விதி சொல்கிறது. கீழே இடம் கிடைத்துவிட்டது என்பதற்காகப் பகலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு மற்றவர்களை நிற்க வைக்கக் கூடாது.

நடு பெர்த்: ராத்திரி மட்டும் விரிக்கிற படுக்கை இது. நிமிர்ந்து உட்கார முடியாது. காலையில் மடக்கியாக வேண்டும். இடுப்புவலிக்காரர்களுக்கும் பெரிய சரீரம் உள்ளவர்களுக்கும் ஆகாது. கொடுத்துவிட்டு, "ஒரு ராத்திரிதானே" என்று சமாதானம் சொல்வதிலும் அர்த்தமில்லை.

மேல் பெர்த்: பகலிலும் படுக்கலாம், யாரும் வந்து உட்கார மாட்டார்கள். இளவட்டங்களுக்கு இதுதான் ராஜபோகம். ஸ்லீப்பரில் வெயில் காலத்தில் கூரையின் அனல் இறங்கும், ஏ.சி.யில் குளிர்காற்று நேரே முகத்தில் அடிக்கும்.

சைடு லோயர்: எதிரும் புதிருமான இரண்டு இருக்கைகளின் சாய்மானத்தை இறக்கிச் சேர்த்தால் அதுவே படுக்கை. ஜன்னலோரத்தில் தனியாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க இதைப் போல் இல்லை. ஆனால் சேர்கிற இடத்தில் மேடு பள்ளம் இருக்கலாம். மடித்த ஜமுக்காளம் ஒன்று போட்டால் சரியாகும். பகலில் சைடு அப்பர்காரருக்கும் இங்கேதான் இடம். ஆர்.ஏ.சி. டிக்கெட் என்றால் இந்த ஒரு படுக்கையையே இரண்டு பேர் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

சைடு அப்பர்: கூரை தாழ்வு, நீளமும் சற்றுக் குறைவு. நடைவழியில் போகிற வருகிறவர்கள் தோள் படும். உயரமானவர்களுக்கும் தூக்கம் லேசானவர்களுக்கும் வேண்டாம்.

யாருக்கு எது?

பெரியவர்களுக்குக் கீழ் பெர்த் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. முழங்கால்வலி மட்டும்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். அந்த நேரத்தில் கால் தரையில் இருப்பதும் ஏணிப்படியில் இருப்பதும் ஒன்றா? "எழுந்ததும் இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் பிறகு நில்லுங்கள்" என்று சொல்லி வையுங்கள். தலைமாட்டில் சின்ன டார்ச் ஒன்று இருக்கட்டும்.

மாசமாக இருக்கும் பெண்ணுக்கும் கீழ் பெர்த்தைத் தவிர வேறு நினைக்கவே வேண்டாம். முதலில் டாக்டரிடம் "பிரயாணம் செய்யலாமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரயிலில் காலைத் தொங்கப் போட்டபடியே மணிக்கணக்கில் உட்கார்ந்தால் கால் வீங்கும். ரத்தம் உறையும் அபாயமும் கர்ப்ப காலத்தில் சற்று அதிகம். ஒன்றிரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கட்டும். உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் ஆட்டட்டும். தாராளமாகத் தண்ணீர் குடிக்கட்டும்.

கைக்குழந்தைக்காரிக்குக் கீழ் பெர்த் அவசியம். அந்தப் படுக்கையின் அகலமே ஏறக்குறைய இரண்டடிதான். அதில் தாயும் பிள்ளையும் படுக்க வேண்டும். குழந்தையைத் தடுப்புச் சுவர்ப் பக்கம் விட்டு, தாய் வெளிப்பக்கம் படுக்கட்டும். அசதியில் கண் அயர்ந்து குழந்தையின் மேல் சாய்ந்துவிடாமலிருக்க, கூட வருகிறவர்கள் முறை வைத்துக் கொஞ்ச நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் எவ்வளவோ உபகாரம். இந்தச் சிரமத்தை உணர்ந்துதான் 2022 மே மாதம் லக்னோ மெயிலில் கீழ் பெர்த்தோடு ஒட்டி மடக்கி விரிக்கும்படி ஒரு குட்டிப் படுக்கையைப் பரீட்சார்த்தமாகப் பொருத்திப் பார்த்தார்கள். எல்லா ரயிலிலும் அப்படி இல்லாததால் நம் ஜாக்கிரதைதான் நமக்குத் துணை. சிலர் புடவையால் தூளி கட்டுவார்கள். நடு பெர்த்தின் சங்கிலியில் மட்டும் கட்டவே கட்டாதீர்கள். கட்டினாலும் பகலில், தாழ்வாக, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் "எனக்கு மேல் பெர்த்!" என்று சண்டை போடுவார்கள். பகலில் ஏறி விளையாடட்டும். ராத்திரி பத்து வயசுக்கு உட்பட்ட பிள்ளையை அங்கே படுக்க வைக்காதீர்கள். தூக்கத்தில் உருளும். மின்விசிறிக் கூண்டும் மேலே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கீழே அவசர ஜன்னல் இருந்தால், அதாவது கம்பியில்லாத ஜன்னல், அதன் ஓரத்தில் குழந்தையைத் தனியாக உட்கார வைக்கக் கூடாது.

தனியாகப் போகிற வயசுப் பெண்ணுக்கு மேல் பெர்த் நல்லது. பகலிலும் அவள் இடம் அவளுடையதாக இருக்கும். யாரும் உரசிக்கொண்டு உட்கார முடியாது. தொலைதூர மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் ஸ்லீப்பர் வகுப்பில் ஆறு படுக்கைகள் பெண்களுக்கென்றே ஒதுக்கீடு. தனியாகவோ பெண்கள் மட்டுமே சேர்ந்தோ போனால், எந்த வயசானாலும் அதில் கேட்கலாம். ஏதாவது தொந்தரவென்றால் 139 என்ற எண்ணைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

பகல் நேர ரயிலில் உட்கார்ந்து போகும்போதும் இதே யோசனைதான். அடிக்கடி எழுந்திருக்க வேண்டியவர்களை நடைவழி ஓரத்திலும், குமட்டல் உள்ளவர்களையும் பால் கொடுக்கிறவளையும் ஜன்னலோரத்திலும் உட்கார வையுங்கள். கால் மடக்க முடியாதவர்களை இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிவிடாதீர்கள்.

டிக்கெட் வாங்கும்போதே...

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 60 வயசு ஆன ஆண்களுக்கும், 45 வயசு ஆன பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு. ஸ்லீப்பர் வகுப்பில் ஒரு பெட்டிக்கு ஆறு முதல் ஏழு படுக்கைகள், மூன்றடுக்கு ஏ.சி.யில் நாலைந்து, இரண்டடுக்கில் மூன்று நாலு. முதியோருக்கான கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள் அல்லவா, அதோடு இதுவும் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். போகவில்லை. கட்டணச் சலுகை வேறு, கீழ் பெர்த் ஒதுக்கீடு வேறு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த வயசுக்காரர் தனியாகவோ, அதே தகுதியுள்ள இரண்டு பேராகவோ ஒரு டிக்கெட்டில் இருந்தால்தான் அந்த ஒதுக்கீட்டில் வருவார்கள். ஆறு பேரோடு சேர்த்து ஒரே டிக்கெட்டாகப் போட்டால் வர மாட்டார்கள். நான் "எல்லாரும் சேர்ந்து" என்று அடம் பிடித்து, மாமனார் மாமியாருக்குக் கிடைத்திருக்கக்கூடிய கீழ் படுக்கைகளை நானே கெடுத்தேன்! அதைவிட வேடிக்கை, அன்றைக்கு எனக்கே வயசு நாற்பத்தாறு. அந்த ஒதுக்கீட்டுக்கு நானும் தகுதியானவள்தான் என்பது தெரியாமலேயே சைடு அப்பரில் முடங்கிக் கிடந்திருக்கிறேன்!

ஆகவே பெரியவர்கள் இருவருக்கும் தனி டிக்கெட்டாக, முதியோர் கீழ் பெர்த் ஒதுக்கீட்டில் கேளுங்கள். வேறு பெட்டியில் விழுந்துவிடுமோ என்ற பயம் நியாயமே. விழவும் செய்யலாம். அப்படி ஆனால் பிள்ளையோ மருமகளோ ஒருவர் அவர்கள் பக்கத்தில் போய்ப் படுக்கும்படி அங்கே உள்ளவரிடம் இடம் மாற்றிக் கேட்கலாம். மேல் பெர்த்தைக் கொடுத்து மேல் பெர்த்தைக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. மேலதைக் கொடுத்துக் கீழதைக் கேட்பதுதான் கஷ்டம்.

கர்ப்பிணிக்குப் பதிவு செய்யும்போது டாக்டர் சான்றிதழோடு முன்பதிவு அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேட்பது நல்லது. இணையத்தில் பதிவு செய்கிறவர்களுக்கும் ஒரு வசதி இருக்கிறது. "ஒரு கீழ் படுக்கையாவது கிடைத்தால் மட்டும் பதிவு செய்" என்று அங்கேயே குறிப்பிடலாம். கிடைக்காவிட்டால் பதிவாகாது, வேறு நாளோ வேறு ரயிலோ பார்க்கலாம். பிள்ளைகளிடம் "அதைக் குறித்தாயா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து பிரயாண நாளுக்கு 60 நாள் முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. அதற்கு முன் 120 நாளாக இருந்தது. காலண்டரில் அந்தத் தேதியைச் சுழித்து வையுங்கள். முதல் நாளே பதிவு செய்கிறவர்களுக்குத்தான் கேட்ட படுக்கை கிடைக்க அதிக வாய்ப்பு.

குழந்தைகள் விஷயம்: ஐந்து வயசு முடியாத குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாமென்றால் டிக்கெட் வேண்டியதில்லை. ஐந்து முடிந்து பன்னிரண்டு நிறையாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமானால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் பாதி. பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று எட்டு வயசுப் பிள்ளைக்குப் பாதி டிக்கெட் வாங்கினால், அவன் யாருடைய படுக்கையில் படுப்பான்? உங்களுடையதில்தான்! இரண்டடி அகலத்தில் ஒரு ராத்திரி என்றால் போகட்டும். இரண்டு மூன்று ராத்திரி என்றால் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

இவ்வளவு செய்தும் பெரியவருக்கோ கர்ப்பிணிக்கோ மேல் பெர்த்தே வந்துவிட்டதா? ரயில் புறப்பட்ட பிறகு டி.டி.ஆரிடம் பணிவாகச் சொல்லி வையுங்கள். காலியாக இருக்கும் கீழ் படுக்கைகளை அப்படிப்பட்டவர்களுக்குக் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. சக பிரயாணியிடம் கேட்பதானால் கெஞ்சலாம், கோபிக்கக் கூடாது. போர்வைக்கு அடியில் என்ன கட்டு இருக்கிறதோ, யார் கண்டது?

படுக்கப் போகுமுன்

நடு பெர்த்தை விரித்தால் கொக்கியும் சங்கிலியும் சரியாக மாட்டியிருக்கிறதா என்று கையால் இழுத்துப் பார்த்த பிறகே அதில் ஏறவும், அதன் அடியில் படுக்கவும் வேண்டும். ஸ்லீப்பரில் ஜன்னல் கதவை இறக்கித் தாழ்ப்பாள் போடுங்கள். கழுத்துச் சங்கிலியைப் புடவைத் தலைப்பால் மறைப்பதைவிட வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது உத்தமம். ஸ்லீப்பரில் படுக்கை விரிப்பு தர மாட்டார்கள். போர்வையும் காற்றடைக்கும் தலையணையும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஏ.சி.யில் விரிப்பும் கம்பளியும் கிடைக்கும். ஆனாலும் குழந்தைக்குக் காலுறையும் காதை மூடும் குல்லாவும் கைப்பையிலேயே இருக்கட்டும். மேலே ஏற வேண்டிய பெண்கள் கூச்சப்படாமல் சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள். புடவைதான் கட்டவேண்டும் என்று ரயில்வேயும் சொல்லவில்லை, மாமியாரும் சொல்ல மாட்டார்!

கடைசியாக ஒன்று. யார் எதில் படுப்பது என்று வீட்டில் ஒரு தாளில் எழுதும்போது எல்லாருடைய பெயரையும் எழுதிவிட்டு, மிச்சம் விழுந்ததில் நம்மைப் போட்டுக்கொள்வதுதான் நம் வழக்கம். தோசை வார்க்கும்போது பிய்ந்த தோசை நமக்கு என்று வைத்துக்கொள்வோமே, அந்த மாதிரி! பிய்ந்த தோசையால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் தூங்காமல், தண்ணீர் குடிக்காமல் இரண்டு நாள் போனால் ஊர் போய்ச் சேர்ந்ததும் படுப்பது நாம்தான்; நம்மைப் பார்த்துக்கொள்ள அலைவது மற்றவர்கள்தான். அதனால் அந்தத் தாளில் உங்கள் பெயரையும், உங்கள் இடுப்புவலியையும், மாதவிலக்குத் தேதியையும்கூடச் சேர்த்து யோசியுங்கள். அது சுயநலம் ஆகாது.

போன வருஷம் மாமனார் மாமியாரோடு டில்லிக்குப் போக நேர்ந்தது. சுமார் 2,180 கிலோமீட்டர். இரண்டு இரவு, ஒரு பகல். இந்தத் தடவை பெரியவர்களுக்கு ஒரு டிக்கெட், எனக்கு ஒரு டிக்கெட் என்று 60-ஆம் நாளே பதிவு செய்தேன். மூவருக்குமே கீழ் பெர்த்! ஒரே பெட்டி, ஒரு தடுப்பு தள்ளி நான். ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைக்கும் சமயம், மாமியார் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து என்னிடம் வந்தார். "என்ன வேணும் அத்தை?" என்று பதறி எழுந்தேன். கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

"ஒண்ணும் வேணாம். இதைக் குடிச்சிட்டுப் படும்மா. கீழேதானே இருக்கே!"